பிற்பகலில் திரும்பி வர முடிகிற தூரம்: ஆர்லாண்டோ பயணத்தில் ஒரு குடும்பத்தின் தங்குமிடத் தேர்வு

2025 ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் 6 பேர் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காத் தொகுதிக்குச் சென்று 5 இரவுகள் தங்கினோம். முதல் 2 இரவுகள் டிஸ்னியின் எல்லைக்கு வெளியே ஒரு வாடகை வீட்டிலும், அடுத்த 3 இரவுகள் எல்லைக்குள் இருக்கும் டிஸ்னியின் சொந்த விடுதி ஒன்றிலும் கழிந்தன. மேஜிக் கிங்டம் என்னும் ஒரே பூங்காவுக்கு ஒரு நாள் வீட்டிலிருந்தும் இன்னொரு நாள் விடுதியிலிருந்தும் போக நேர்ந்ததால், இரண்டு வகைத் தங்குமிடங்களையும் ஒரே குடும்பம், ஒரே வாரம், ஒரே வெயில் என்ற நிலையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்ல எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த ஒப்பீட்டை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

குடும்பமும் அதன் தேவைகளும்

யார் யார் போனோம் என்பதே இந்தத் தேர்வைத் தீர்மானித்தது. அட்லாண்டாவின் புறநகரில் வசிக்கும் நானும் என் கணவரும், 9 வயது மகளும், 4 வயது மகனும், கும்பகோணத்திலிருந்து கோடை விடுமுறைக்காக எங்களிடம் வந்திருந்த என் அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு 70 வயது. நன்றாக நடப்பார், ஆனால் வெயில் உச்சிக்கு வந்தால் தலைசுற்றல் வந்துவிடும். அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதால் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால் உட்கார இடம் தேட வேண்டும். இருவரும் சைவம், மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு என்றால் இரண்டாம் நாளே வயிறு ஒத்துழைக்காது. மகனோ மதியம் ஒரு மணி நேரம் தூங்காவிட்டால் மாலை முழுவதும் அழுதுகொண்டே இருப்பான்.

அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ ஏறத்தாழ 440 மைல். காரிலேயே போவது என்று முடிவு செய்திருந்ததால், விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்கு எப்படிச் செல்வது என்ற கேள்வி எங்களுக்கு எழவில்லை. விமானத்தில் வருகிறவர்கள் அதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். டிஸ்னி விடுதிகளுக்கு விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஓடிக்கொண்டிருந்த பேருந்துச் சேவை 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. உறவினர்கள் பழைய நினைவில் சொல்லும் அறிவுரையை நம்பி வந்தால் விமான நிலையத்தில் திகைத்து நிற்க நேரிடும்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, 192ஆம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே டேவன்போர்ட் பகுதியில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் விடுமுறை வீடுகளில் ஒன்று. மூன்று படுக்கையறை, முழுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், பின்புறம் சிறிய நீச்சல் குளம் ஆகிய அனைத்தும் ஒரு சாதாரண ஹோட்டல் அறையின் வாடகையில் கிடைக்கும். இரண்டாவது, டிஸ்னியின் சிக்கன வகை விடுதிகளில் ஒன்றான ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் 6 பேர் தங்கும் குடும்ப அறைத்தொகுதி. மூன்றாவது, மேஜிக் கிங்டத்தைச் சுற்றி மோனோரெயில் என்னும் ஒற்றைத் தண்டவாள ரயிலின் பாதையில் நிற்கும் கன்டெம்பரரி, பாலினீஷியன், கிராண்ட் ஃபுளோரிடியன் என்னும் உயர்வகை விடுதிகள். மூன்றாவதில் எங்கள் 6 பேருக்கும் இரண்டு அறைகள் எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகை எங்கள் வரவுசெலவுக்குள் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை என்பதால் அதை அன்றே விலக்கிவிட்டோம்.

மீதமிருந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் வீட்டுக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. கணவர் வீட்டை விரும்பினார். சமையலறை இருந்தால் அம்மா அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்காது என்பது அவருடைய வாதம், அதில் நியாயமும் இருந்தது. நான் பூங்காவுக்கு அருகில் இருப்பதையே விரும்பினேன், ஆனால் ஏன் என்று எண்களால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரவொன்றுக்கு இவ்வளவு என்ற ஒற்றைக் கணக்கை வைத்துப் பேசும்வரை என் பக்கம் தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் பாதிக்குப் பாதி என்று இறங்கி வந்தோம். ஆய்வு செய்யும் நோக்கம் எங்களுக்கு அப்போது இல்லை. சமரசம்தான் ஒப்பீடாக அமைந்துவிட்டது.

எல்லையும் தூரமும்

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தங்குமிடத்தின் தூரம் தற்செயலாக அமைந்ததன்று. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது வால்ட் டிஸ்னியிடம் ஏறத்தாழ 160 ஏக்கர் நிலமே இருந்தது. சொந்தமாக விடுதி கட்டவும் அவரிடம் அப்போது பணமில்லை. பக்கத்திலிருந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டியவர் ஜாக் ரேதர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988இல்தான். பூங்கா வெற்றி பெற்றதும் அதன் வாசலைச் சுற்றிப் பிறர் கட்டிய மோட்டல்கள் முளைத்தன. வருகிறவர்கள் இரவில் தங்கச் செலவிட்ட பணம் அவர்களுக்குப் போயிற்று. இதிலிருந்து கற்றுக்கொண்ட டிஸ்னி, ஃபுளோரிடாவில் 1960களின் நடுவில் வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் அமைதியாக நிலம் வாங்கத் தொடங்கி, 27,000 ஏக்கருக்கும் மேல் சேர்த்தார். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறக்கப்பட்டபோது, அதனுடன் கன்டெம்பரரி, பாலினீஷியன் என்ற இரண்டு விடுதிகளும் சேர்ந்தே திறந்தன. எப்காட் 1982இலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படும் பூங்கா 1989இலும், அனிமல் கிங்டம் 1998இலும் அந்த நிலத்துக்குள்ளேயே தள்ளித் தள்ளி எழுந்தன.

தங்குமிடம் தேடுகிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு நடைமுறை உண்மையைச் சொல்கிறது. அனஹைமில் சாலையைக் கடந்தால் பூங்கா வாசல். அங்கே எதிர்ப்புறத்தில் இருக்கும் சாதாரண மோட்டல் ஒன்று டிஸ்னியின் சொந்த விடுதியைவிடவும் வாசலுக்கு அருகில் இருக்கக்கூடும். ஆர்லாண்டோவில் அப்படி ஒரு மோட்டல் இருக்கவே முடியாது, ஏனெனில் பூங்காக்களைச் சுற்றியிருக்கும் நிலம் முழுவதும் ஒரே உரிமையாளருடையது. ஆகவே வெளியிலுள்ள விடுதிகளின் விளம்பரங்களில் "டிஸ்னியிலிருந்து 3 மைல்" என்று காணப்பட்டால், அந்த 3 மைல் டிஸ்னி நிலத்தின் எல்லை வளைவுக்கா, எந்தப் பூங்காவின் வாகன நிறுத்துமிடத்துக்கு, அந்த நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி மேஜிக் கிங்டத்துக்கு மிகவும் பொருந்தும். காரில் வருகிறவர்கள் அந்தப் பூங்காவின் வாசலில் இறங்க முடியாது. செவன் சீஸ் லகூன் என்னும் செயற்கை ஏரியின் மறுகரையில் டிடிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் போக்குவரத்து மையம் இருக்கிறது. அங்கே காரை நிறுத்தி, டிராமில் ஏறியோ நடந்தோ மையத்தை அடைந்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, பின்னர் படகிலோ மோனோரெயிலிலோ ஏரியைக் கடந்தால்தான் வாசல் வரும். ஏரியைக் கடக்கும்போது தொலைவில் கோட்டையின் கோபுரம் மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்த்த என் மகளின் முகம் எனக்கு மறக்காது. அந்த அனுபவத்துக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். காலையில் அது அழகு. நண்பகலில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பும்போது அதே ஏரி ஒரு தடையாகிவிடுகிறது.

டிஸ்னி விடுதிகளிலிருந்து வரும் பேருந்துகள் இந்த மையத்தில் நிற்காமல் நேரே மேஜிக் கிங்டத்தின் வாசலருகே இறக்கிவிடுகின்றன. கன்டெம்பரரியிலிருந்து 10 நிமிடத்தில் நடந்தே வந்துவிடலாம். பயணத்துக்கு முன் நான் படித்த பல குறிப்புகளில் இந்த ஒரு வேறுபாடு, நீச்சல் குளங்களைப் பற்றிய பத்திகளுக்கு நடுவே ஒரு வரியாகப் புதைந்து கிடந்தது. முதல் வரியாக வந்திருக்க வேண்டிய செய்தி அது.

வீட்டிலிருந்து ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டை அடைந்தோம். அம்மா சமையலறையைப் பார்த்ததும் நிம்மதியடைந்தார். அன்றிரவு சாதமும் ரசமும் அப்பளமும் சாப்பிட்டு எல்லோரும் நேரத்தோடு தூங்கினோம். அந்த இரவைப் பொறுத்தவரை கணவரின் தேர்வே சரியானது என்று நானே அவரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை 7:50க்குக் கிளம்பினோம். 8:30க்குக் காரை நிறுத்தினோம். அதற்கு அப்போது 30 டாலர் கட்டணம். டிராம், சோதனை, படகு எல்லாம் முடிந்து பூங்காவுக்குள் காலடி வைத்தபோது மணி 9:15. வீட்டு வாசலிலிருந்து 85 நிமிடம். பூங்கா திறந்து கால் மணி நேரம் ஆகிவிட்டிருந்தது; டிஸ்னி விடுதிகளில் தங்கியிருந்தவர்கள் அதற்கும் அரை மணி முன்னதாகவே உள்ளே விடப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்ட பீட்டர் பேன் சவாரிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வரிசை நீண்டுவிட்டது.

கட்டணம் செலுத்தி விரைவு வரிசையில் இடம் பிடிக்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸ் 2024 ஜூலையிலிருந்து முன்பதிவு முறைக்கு வந்திருக்கிறது. டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் தங்கத் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே தங்கும் காலம் முழுவதற்கும் பதிவு செய்யலாம். வெளியில் தங்குகிறவர்களுக்குப் பூங்காவுக்குப் போகும் நாளுக்கு 3 நாள் முன்புதான் அந்த வாய்ப்பு. திங்கட்கிழமைக்கு நாங்கள் பதிவு செய்யப் போனபோது காலை நேரங்கள் எல்லாம் முடிந்து, மகள் மிகவும் விரும்பிய சவாரிக்குப் பிற்பகல் 3:40தான் கிடைத்தது. அந்த ஒரு நேரம் எங்கள் நாள் முழுவதையும் கட்டிப் போட்டுவிட்டது.

ஃபுளோரிடாவின் கோடையில் பிற்பகல் இடிமழை என்பது கிட்டத்தட்ட அன்றாட நிகழ்வு. வெப்பம் காலை 11 மணிக்கே உடலைக் களைக்க வைக்கும். 1 மணிக்கு மேல் மேகம் கூடும். இடி கேட்டதும் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்துவார்கள். இதை அறிந்தவர்கள் நண்பகலில் தங்குமிடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மழை ஓய்ந்த பிறகு மாலையில் திரும்புவார்கள். எங்களுக்கும் அது தெரியும். ஆனால் போக ஒன்றே கால் மணி, வர ஒன்றே கால் மணி என்றால் நடுவில் ஓய்வதற்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, உள்ளேயே இருந்துவிட்டோம். மகன் தள்ளுவண்டியில் பாதித் தூக்கம் தூங்கி, இடிச் சத்தத்தில் விழித்து அழுதான். அப்பா ஒரு கூரைக்கடியில் சுவரில் சாய்ந்து நின்றார்.

அம்மாவிடம் நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "எனக்காக யாரும் கெளம்ப வேண்டாம்மா, நான் இங்கயே நெழல்ல உக்காந்திருக்கேன், நீங்க பிள்ளைங்கள அழைச்சிட்டுப் போயிட்டு வாங்க." அந்தப் பதிலை நான் நம்பினேன் என்பதைவிட, நம்ப விரும்பினேன் என்பதே உண்மை. 5 மணிக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பி 6:30க்கு வீட்டை அடைந்தபோது அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. இரவு வாணவேடிக்கையை யாரும் பார்க்கவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் களைப்பைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்வளவு பணம் கொடுத்து வந்த இடத்தில் தன்னால் ஒரு தடை வரக்கூடாது என்றுதான் நினைப்பார்கள். திரும்பிப் போவது இரண்டரை மணி நேர விஷயமாக இருக்கும்போது, அதைக் கேட்பது அவர்களுக்கு ஒரு பெரிய வேண்டுகோளாகத் தோன்றுகிறது. 30 நிமிட விஷயமாக இருந்தால் யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லோரும் எழுந்து போய்விடலாம். தங்குமிடம் எவ்வளவு தூரம் என்பதை நான் இதற்கு முன் ஒருபோதும் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

இடம் மாறிய நாள்

செவ்வாய்க்கிழமை பூங்கா எதுவும் வேண்டாம் என்று முன்பே வைத்திருந்தோம். அம்மாவின் முழங்காலுக்கு அது நல்லதாகப் போயிற்று. வீட்டை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும், விடுதியில் அறை கிடைப்பது பிற்பகலில். இடையிலுள்ள நேரம் இடம் மாறித் தங்குகிறவர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல். விடுதியில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அறை தயாராகும் முன்பே நீச்சல் குளத்தைப் பயன்படுத்தவும் அனுமதிக்கிறார்கள் என்பதால் பிள்ளைகளுக்குப் பொழுது போனது. பெரியவர்கள் குளிரூட்டிய உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும் முன் வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தோம். அம்மா புளிக்காய்ச்சல் காய்ச்சினார்; நான் சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்தேன்; தயிரும் சாதமும் ஐஸ் பெட்டியில் ஏறின. குடும்ப அறைத்தொகுதியில் குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் தொட்டி, காபி இயந்திரம் ஆகியவை உண்டு, அடுப்பு கிடையாது. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச்சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. இந்த விதி நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சமையலறை இல்லாவிட்டால் பெரியவர்கள் பட்டினி கிடக்க நேரிடும் என்ற அச்சத்தில் தொலைவிலுள்ள வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டு மூன்று நாள்களுக்குக் கெடாத உணவையும் மைக்ரோவேவையும் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்களால் முடிந்தது, மூன்றாம் நாள் மதியத்துக்கு மட்டும் புளியோதரை அலுத்துவிட்டது என்று அப்பா சொன்னார்.

அறைத்தொகுதியில் ஒரு தனிப் படுக்கையறையும், கூடத்தில் விரித்துக்கொள்ளும் இரண்டு படுக்கைகளும், இரண்டு குளியலறைகளும் இருந்தன. அம்மா அப்பாவுக்குக் குளியலறையோடு சேர்ந்த தனி அறை கிடைத்ததே இதில் பெரிய நன்மை. சாதாரணச் சிக்கன அறைகள் 4 பேருக்கு மேல் ஏற்பதில்லை. இரண்டு அறை எடுத்தால் அவை அடுத்தடுத்து அமையுமா என்ற கவலை வேறு. வீட்டின் விசாலத்தோடு ஒப்பிட்டால் இடம் நெருக்கம்தான். மகன் தூங்கும்போது கூடத்தில் யாரும் பேச முடியவில்லை.

விடுதியிலிருந்து இரண்டு நாள்

இந்த விடுதியைத் தேர்ந்ததற்கு ஸ்கைலைனர் என்னும் கம்பிவட ஊர்தி முக்கியக் காரணம். 2019 செப்டம்பர் இறுதியில் ஓடத் தொடங்கிய இது, ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கும் அதன் பக்கத்து விடுதியான பாப் செஞ்சுரிக்கும் பொதுவான ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டு, கரீபியன் பீச் விடுதியருகே உள்ள சந்திப்பில் மாறினால் ஒரு பக்கம் எப்காட்டுக்கும் மறுபக்கம் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் கொண்டு செல்கிறது. சக்கர நாற்காலியோடு ஏறுகிறவர்களுக்காகப் பெட்டியை ஓரமாக ஒதுக்கி முழுவதுமாக நிறுத்தித் தருகிறார்கள் என்பதால் அம்மா பதற்றமில்லாமல் ஏறினார். திங்கட்கிழமை பட்ட பாட்டுக்குப் பிறகு, விடுதிக்கே கொண்டுவந்து தரும் ஒரு கடையிலிருந்து சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்திருந்தோம். பூங்காவுக்குள் வாடகைக்குத் தரப்படும் நாற்காலியை வாசலுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. நண்பகலில் திரும்புவதே திட்டமாக இருந்தால் அது பாதிப் பயன்தான் தரும்.

புதன்கிழமை காலை 8 மணிக்கு அறையை விட்டு, 8:35க்கு எப்காட்டின் பின்வாசலில் இருந்தோம். பிரான்ஸ், பிரிட்டன் கூடங்களுக்கு நடுவே அந்த வாசல் திறக்கிறது. 12:15க்குத் திரும்பத் தொடங்கி 1 மணிக்குள் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிர்பார்த்தபடியே 2:30க்கு இடிமழை வந்தது. மின்னல் இருக்கும்போது ஸ்கைலைனர் நிறுத்தப்படும், அப்போது பேருந்துகள்தான் துணை. இந்த ஊர்தியை நம்பி விடுதி தேர்ந்தெடுக்கும் எவரும் கோடையில் இதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மழையின்போது நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு இழப்பில்லை. 5 மணிக்கு மேல், நனைந்து குளிர்ந்திருந்த பூங்காவுக்குள் மீண்டும் நுழைந்தோம். எப்காட்டுக்குள் உள்ள ஏரியைச் சுற்றியிருக்கும் 11 நாடுகளின் கூடங்களையும் அப்பா ஒன்று விடாமல் நடந்தே பார்த்தார். திங்கட்கிழமை சுவரில் சாய்ந்து நின்ற மனிதரா இவர் என்று கணவர் வியந்தார்.

வியாழக்கிழமை மீண்டும் மேஜிக் கிங்டம். ஸ்கைலைனர் அந்தப் பூங்காவுக்குப் போவதில்லை என்பதால் விடுதிப் பேருந்துதான். 7:30க்கு அறையை விட்டோம், 8:15க்கு வாசலில் நின்றோம்: 45 நிமிடம். 8:30க்கு விடுதி விருந்தினர்களுக்கான முன்நுழைவு தொடங்கியது. 9:15க்குள், திங்கட்கிழமை நாங்கள் உள்ளே காலடி வைத்த அதே நேரத்துக்குள், பீட்டர் பேன் சவாரியும் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலும் முடிந்திருந்தன. ஆனால் இந்த அரை மணியை வைத்து மட்டும் விடுதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். டிஸ்னியின் எல்லா விடுதிக்காரர்களுக்கும் அது பொது என்பதால், விடியலில் எழுந்து முதல் பேருந்துகளில் ஏறுகிறவர்களுக்கே பலன் தருகிறது. பிள்ளைகளை 9 மணிக்கு எழுப்பும் குடும்பத்துக்கு அதனால் ஒன்றுமில்லை.

நண்பகலில் திரும்பினோம், தூங்கினோம், மாலை 5:30க்கு மறுபடி போனோம். இரவு வாணவேடிக்கையை அம்மா சக்கர நாற்காலியில் அமர்ந்து மடியில் பேரனை வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்தபின் பேருந்துக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலில் வெளியேறுவதால் படகு, மோனோரெயில், பேருந்து எதிலும் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. வெளியில் தங்கியிருந்தால் அதன் பிறகு டிராமும் நெடுஞ்சாலையும் மிச்சமிருந்திருக்கும்.

பணக்கணக்கு

வீட்டுக்குத் துப்புரவுக் கட்டணமும் வரியும் சேர்த்து 2 இரவுக்கு 540 டாலர் ஆயிற்று, இரவுக்கு 270. துப்புரவுக் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒரே தொகை என்பதால் குறைந்த நாள் தங்குகிறவர்களுக்கு அது கூடுதல் சுமை. அறைத்தொகுதிக்கு, ஆரஞ்சு கவுண்டி என்னும் அந்த மாவட்டத்தில் விடுதி வாடகைமேல் விதிக்கப்படும் 12.5 விழுக்காடு வரியையும் சேர்த்து, இரவுக்கு ஏறத்தாழ 590 டாலர். வெளியிலுள்ள பல ஹோட்டல்களில் அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று நாள்தோறும் ஒரு தொகை சேர்ப்பதுபோல் டிஸ்னி விடுதிகளில் சேர்ப்பதில்லை. 2023 தொடக்கத்திலிருந்து விடுதியில் கார் நிறுத்தவும் கட்டணம் இல்லை. பூங்கா நிறுத்துமிடத்தின் 30 டாலரையும் கழித்தால் ஒரு நாளைய உண்மையான வேறுபாடு 290 டாலர்.

இது சிறிய தொகை அன்று. எங்கள் வாதம் முதலில் அங்கேயே நின்றுபோனது. இப்போது அதோடு நுழைவுச்சீட்டையும் வைத்துப் பார்க்கிறேன். 3 வயது நிரம்பிய எவருக்கும் சீட்டு வேண்டும். எங்கள் 3 நாள் சீட்டு ஆளொன்றுக்கு நாளுக்கு 100 டாலரைத் தாண்டியது. ஆக, 6 பேர் ஒரு நாள் பூங்காவுக்குள் இருப்பதன் விலை 600 டாலருக்கு மேல். திங்கட்கிழமை நாங்கள் உள்ளே இருந்த ஏழே முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூரைக்கடியில் ஒதுங்கிக் கழிந்தது. மாலையும் இரவும் முழுவதுமாகப் போயிற்று. வியாழக்கிழமை காலை மூன்றரை மணி, மாலை நான்கரை மணி என்று இருந்த எட்டு மணி நேரமும் பயன்பட்டது. வாடகையில் மிச்சம் பிடித்த 290 டாலரை, ஏற்கெனவே கொடுத்துவிட்ட சீட்டின் பாதி மதிப்பாக அந்த ஒரு நாளிலேயே இழந்துவிட்டோம் என்பதே என் கணக்கு. கணவரும் இதை ஏற்றுக்கொண்டார்.

வேறு குடும்பங்களுக்கு

எங்கள் முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பதின்வயதுப் பிள்ளைகளோடு காலை முதல் மூடும்வரை பூங்காவிலேயே இருந்துவிட்டு இரவில் படுக்க மட்டும் வருகிறவர்களுக்கு நண்பகல் ஓய்வு என்ற தேவையே இல்லை. அவர்களுக்கு வெளியிலுள்ள வீடு நல்ல தேர்வு. பத்து நாள் வந்து அதில் மூன்று நாள் மட்டும் பூங்காவுக்கும், மற்ற நாள்களைக் கென்னடி விண்வெளி மையத்துக்கும் கடற்கரைக்கும் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் வந்தால் வெயிலும் இடிமழையும் குறைவு என்பதால் பிற்பகலின் கடுமை தணிந்துவிடும். அப்போது தூரத்தின் எடையும் குறையும். அதே ஊரில் வேறொரு நிறுவனத்தின் பூங்காத் தொகுதியான யுனிவர்சல் ஆர்லாண்டோவில் கணக்கே வேறு: அங்கே போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விடுதிகளின் வாடகையிலேயே பழைய இரண்டு பூங்காக்களுக்கான விரைவு வரிசை அனுமதி அடங்கியிருப்பதால், அதைத் தனியே வாங்கும் விலையைக் கழித்துவிட்டே அறை வாடகையை மதிப்பிட வேண்டும்.

உணவைப் பற்றி ஒன்று. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி பகுதியில் சனா என்னும் உணவகம் இருக்கிறது. இந்திய முறை ரொட்டிகளும் பல வகைத் தொகையல்களும் சேர்ந்த ஒரு தட்டு அங்கே புகழ்பெற்றது. சாப்பிடும்போதே சன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்வதைப் பார்க்கலாம். பெரியவர்கள் வந்தால் ஒரு வேளைக்கு அழைத்துப்போகத் தகுந்த இடம். அந்த விடுதியில் தங்குவது வேறு விஷயம். அது மற்றப் பூங்காக்களிலிருந்து தொலைவில் இருக்கிறது, பேருந்து மட்டுமே உண்டு.

அடுத்த ஆண்டு என் மாமனார் மாமியார் வருகிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் வேளைக்குச் சாப்பாடும் ஓய்வும் தவறக் கூடாது. இந்த முறை வீட்டையும் விடுதியையும் பாதியாகப் பிரிக்கப் போவதில்லை. இரவுகளின் எண்ணிக்கையை 5இலிருந்து 3ஆகக் குறைத்து, மூன்றையும் எல்லைக்குள்ளேயே வைத்து, பூங்காவுக்கு 2 நாள் மட்டும் ஒதுக்கியிருக்கிறோம். மொத்தச் செலவு சென்ற முறையைவிடக் குறைவாகவே வருகிறது. அட்லாண்டாவிலிருந்து கிளம்பும் முன்பே புளிக்காய்ச்சலைக் காய்ச்சிக் கொண்டுபோய்விடலாம் என்று அம்மா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.